மாண்புமிகு சொல்லும் கிளி

லிஸ்பன் நகரத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. மன்னரே கையெழுத்திட்ட சட்டம். பெரிய பிரபுக்கள் ‘மாண்புமிகு’. சின்னப் பிரபுக்கள் ‘மதிப்பிற்குரிய’. மற்றவர்கள் வெறும் ‘திரு’, அதுவும் கூப்பிடுகிறவருக்கு மனசு இருந்தால். மாற்றிக் கூப்பிட்டால் அபராதம், மறுபடியும் மாற்றினால் நாடு கடத்தல். ராஜ்ஜியத்தில் வேறு குறை ஒன்றும் இல்லாதபடியால் அதிகாரிகள் இதை மிகுந்த அக்கறையோடு நிறைவேற்றி வந்தார்கள்.

தவளைப்பள்ளத்துப் பிரபு தோம் பல்தசார், பாவம், வெறும் ‘மதிப்பிற்குரிய’வர். அவருடைய மகள் பிரிதஸும் பெரிய பிரபு வீட்டுப் பையன் ஒருவனும் ஒருவரையொருவர் உயிராக விரும்பினார்கள். பையனின் தாயார் தோனா வயலாந்தே மட்டும், ‘மாண்புமிகு’ இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். பிரிதஸ் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அதைப் பார்த்துப் பல்தசாருக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இளவரசி லெயோகாதியாவுக்குப் பிரேசிலிலிருந்து கப்பலில் ஒரு கிளி வந்து சேர்ந்தது. பிரபுக்கள் மன்னரின் கையை முத்தமிட வரும் நாட்களில் அது அரண்மனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியது. ஒரு நாள் அந்தப் பக்கம் கூடையோடு போன மீன்காரி எங்கிராசியாவைப் பார்த்து, “மாண்புமிகு!” என்று கத்தியது.

அரண்மனையே ஆடிப்போய்விட்டது. சட்டப்படி கிளி குற்றவாளி. ஆனால் அரச குடும்பத்துக் கிளி. நீதிபதி பெலிசியானோ மூக்குப்பொடி போட்டுக்கொண்டு யோசித்தார்.

“இளவரசியோட கிளியைத் தண்டிக்க முடியாது. அப்ப அது பண்ணினது தப்பில்ல. தப்பில்லேன்னா சரி. சரின்னா, அது அரச குடும்பம் குடுத்த பட்டம்” என்றார்.

எங்கிராசியா மாண்புமிகு ஆனாள். மறுநாளே அரண்மனை வாசலில் ஊர் திரண்டது. சவரத்தொழிலாளி, தண்ணீர் சுமப்பவன், மெழுகுவத்தி விற்பவன், எல்லோர் கையிலும் பாதாம் பருப்பு. கிளியும் தாராளமான கிளி. கொஞ்ச நாளில் மீன் சந்தையில், “மாண்புமிகு, உங்க மத்தி நாறுதே” என்று மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மீன்காரிக்குப் பின்னால் வரிசையில் நிற்பதா என்று பல்தசார் மட்டும் வீம்பாக இருந்தார். கடைசியில் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னங்க, நம்ம வண்டிக்காரனே மாண்புமிகு ஆயிட்டான். இனிமே நீங்கதான் அவனுக்கு வண்டிக் கதவைத் திறந்து விடணும். கௌரவம் பார்த்தது போதும், கிளம்புங்க.”

பல்தசார் போனார். கை முத்த நாள், தாழ்வாரம் முழுக்கப் பிரபுக்கள். விசிறியும் கையுமாகத் தோனா வயலாந்தேயும் நின்றாள். பல்தசார் குனிந்து வணங்கிப் பருப்பை நீட்டினார். கிளி தின்றது. இன்னும் நீட்டினார். அதையும் தின்றுவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். மகளுடைய அழுத முகம் கண்ணுக்குள் வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லித் தொலையேன், கழுதை!” என்று பல்லைக் கடித்தார்.

கிளி தலையைச் சாய்த்து அவரை உற்றுப் பார்த்தது. பிறகு தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, “கழுதை!” என்றது.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அரச வாக்கு, மாற்ற முடியாது என்று கையை விரித்தார். மகளின் வாழ்வு தன் வாயாலேயே போயிற்று என்று பல்தசார் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

தோனா வயலாந்தே விசிறியை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“எங்க வீட்டுச் சமையக்காரன்கூட இப்ப மாண்புமிகுதான், சம்பந்தி. ஆனா இந்தப் பட்டம் ராஜ்ஜியத்துலேயே உங்க ஒருத்தருக்குத்தான். கல்யாணத்துக்கு நாள் பார்த்துடலாமா?”

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. பிரிதஸ் சிரித்த சிரிப்பில் எல்லாருக்கும் மனசு நிறைந்தது. அடுத்த வாரமே பெரிய பிரபுக்களெல்லாம் கிளியின் முன் கூடி நின்று, “கழுதை, கழுதை” என்று கெஞ்சினார்கள்.

பல்தசாருக்கு வயிறு எரிந்தது. தகுதி இல்லாதவர்களையெல்லாம் கழுதை என்றால், அசல் கழுதைக்கு என்ன மரியாதை என்று மன்னரிடம் முறையிட்டார். நியாயமான முறையீடு என்று உடனே ஒரு சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் யாரையும் கழுதை என்று அழைத்தால் அபராதம்.

அன்று முதல் லிஸ்பனில் யாரும் அதிகாரிகளையோ பிரபுக்களையோ வாய்விட்டு அப்படிச் சொல்வதில்லை. ‘மாண்புமிகு’ என்றுதான் சொல்கிறார்கள். மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதற்கு இன்னும் சட்டம் வரவில்லை.