காவலுக்கு ஒரு போத்தல்

பெட்ரோல் எண்ணெய் விலையை ஒழித்துக்கட்டப்போவதாக யோங் பெங் ஊர்க் கனகராஜ் அறிவித்தபோது அவருடைய கண்கள் மஞ்சளாகத்தான் இருந்தன. இன்னும் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடக் குடித்த மணியம், சம்சுச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்ததால் முதலில் பார்வையையும் பிறகு உயிரையும் விட்டான். பாடையின் ஒரு முனை கனகராஜ் தோளில்தான் இருந்தது. தோளுக்குப் புத்தி வந்தது. நாக்குக்கு வரவில்லை.

கொல்லையில் ஸ்பிரிட் அடுப்பு வைத்தார். பக்கத்தில் ஒரு பெரிய போத்தல், ஒரு சின்னப் போத்தல்.

"பெருசு எத்தனால், சின்னது மெத்தனால். எதுல தண்ணி சீக்கிரம் கொதிக்குதுன்னு ஆராய்ச்சி!"

"எதுங்க ஒசத்தி?" என்றாள் மனைவி தனலெட்சுமி.

"எத்தனால்தான். சூடு அதிகம். பிரேசில்ல காரே ஓடுது."

"மெத்தனாலு?"

"ரேஸ் காருக்கு ஊத்துவாங்க. வாயில பட்டா கண்ணு அவிஞ்சிடும்."

"பாத்தா தெரியுமா, எது எதுன்னு?"

"எப்படித் தெரியும்? ரெண்டும் தண்ணி மாதிரி லா. அதுக்குத்தானே லேபல் ஒட்டியிருக்கேன்!"

தனலெட்சுமி பயபக்தியோடு தலையாட்டினாள். மெத்தனால் சும்மா, சந்தேகம் வராமல் இருக்கக் காவலுக்கு. எத்தனாலில் இளநீர் கலந்து குடிப்பதுதான் ஆராய்ச்சி. அது தனக்கு மட்டுமே தெரியும் என்று கனகராஜ் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளநீரோடு கொல்லைக்கு நழுவினார். அங்கே ஒரே அளவில் ரெண்டு சிரப் போத்தல். லேபல் இல்லை.

"அலமாக்! லெட்சுமி, என்னடி இது?"

"பழைய போத்தல் ஒழுகுச்சுங்க. மாத்தி ஊத்திட்டேன்."

"இதுல எது எது?"

"எனக்கென்ன தெரியும்? ஆராய்ச்சி பண்றது நீங்க."

ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ஊற்றிக் கொளுத்தினார். ஒரே நீலம். மோந்தார். ஒரே வாசம். ஒன்றை உதடுவரை கொண்டுபோனார். பட்டப்பகலில் "லைட்டப் போடுங்கடா!" என்று மணியம் ஆஸ்பத்திரியில் கத்தியது காதில் விழுந்தது. போத்தலைக் கீழே வைத்தார்.

தனலெட்சுமி கேத்தலை நீட்டினாள். "தண்ணி ரெடிங்க. கொதிக்க வைங்க."

இருட்டுவதற்குள் ரெண்டு போத்தலும் கடைசிச் சொட்டுவரை எரிந்து தீர்ந்தன. கனகராஜ் அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தார், ஈமக்கிரியை செய்தவர் மாதிரி.

"ஆராய்ச்சியில என்னங்க தெரிஞ்சுச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதான். துளி வித்தியாசம் இல்ல."

"எப்படி இருக்கும்? மெத்தனால அன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டேனே."