தயவுசெய்து திருப்பி அனுப்பவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த உறையின் மேல் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். நானும் நலம். முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. முப்பத்தொரு வருடம் ஊரார் லிஃப்டுகளில் எல்லாம் ஏறி இறங்கிப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன் என்பது தாங்கள் அறிந்ததே. அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கட்டுரைகளையும் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் யாரென்று இந்நேரம் பிடிபட்டிருக்கும். தங்கள் மாத இதழுக்கு இருபத்திரண்டு வருடங்களில் அறுபத்தைந்து கட்டுரைகள் அனுப்பி, அறுபத்தைந்தும் கசங்காமல் திரும்பி வரப்பெற்ற ஆசாமி நான்தான். குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். இத்துடன் என் அறுபத்தாறாவது கட்டுரையை இணைத்திருக்கிறேன். தலைப்பு, 'கட்டுரையும் வலைப்பூவும்: ஓர் ஒப்பீடு'. இதழ் நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, அச்சிட இடமில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அச்சிட வேண்டாம். முன்பு செய்ததுபோல் கடைசி வரி வரை படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, திருப்பி அனுப்பிவிட்டால் போதும். என் விலாசம் எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது.

இதென்ன வேண்டுதல் என்று கேட்பீர்கள். எல்லாம் என் மகளால் வந்தது. அவள் தொலைவில் வேலையில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள், நானும் சனிக்கிழமையே என்ன பேசலாம் என்று குறித்து வைத்துக்கொள்வேன், ஆனால் அவள் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டு முடிப்பதற்குள் அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இதழ் நின்ற பிறகு நான் பேயறைந்தவன் மாதிரி இருப்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, பிளாக் ஆரம்பிங்க. எழுதுங்க, பட்டனை அமுக்குங்க, உலகமே படிக்கும். யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்றாள். அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டரில் ஏதேதோ செய்து அரைமணி நேரத்தில் எனக்கு ஒரு வலைப்பூவைத் திறந்து கொடுத்தாள். ஐயா, தங்கள் இதழின் படி ஏறவே எனக்கு இருபத்திரண்டு வருடம் போதவில்லை. இங்கே அரைமணி நேரத்தில் நானே ஆசிரியர், நானே அச்சகம், நானே விநியோகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, குடையைப் பற்றிய என் பழைய கட்டுரையை ஏற்றி, 'வெளியிடு' என்ற பொத்தானை அமுக்கினேன். வெளியாகிவிட்டது. அவ்வளவுதான். ஒரு சத்தம்கூட இல்லை. பழக்கதோஷத்தில் அது திரும்பி வரும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன், அங்கேதான் வினை. கட்டுரை என்றால் உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டதோடு நம் கையை விட்டுப் போய்விடும், போட்டபின் ஞாபகம் வரும் பிழைக்காக வீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கலாமே தவிர வேறு வழியில்லை. வலைப்பூ போகவே மாட்டேன் என்கிறது. எப்போது வேண்டுமானாலும் திறந்து திருத்தலாமாம். ஒரு கமா மாற்றினேன். பிறகு ஒரு வரி. பிறகு குடையைத் தொலைத்தது பேருந்திலா வங்கியிலா என்று சந்தேகம் வந்து வங்கி என்று மாற்றினேன். வங்கி வந்ததும் காவலாளி வந்தார், காவலாளி வந்ததும் அவருடைய மழைக்கோட்டு வந்தது, நாற்பதாவது திருத்தத்தில் குடையே போய் அது மழைக்கோட்டைப் பற்றிய கட்டுரையாகிவிட்டது. தலைப்பு மட்டும் 'குடை' என்றே இருந்தது. உலகமே படிக்கும் என்றாளே, உலகத்தில் ஒருத்தராவது 'என்னய்யா இது, குடை எங்கே' என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளிடம், "படிச்சியாம்மா?" என்றேன். "படிச்சேன்பா, சூப்பர்" என்றாள். "குடை என்ன நிறம்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "கருப்புதானேப்பா?" என்றாள். ஆமாம்மா, கருப்புதான் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை.

முதல் பின்னூட்டம் வந்த அன்று எனக்குக் கை ஓடலை, கால் ஓடலை. 'அருமை. தொடருங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். முகம் தெரியாத மனிதர், படத்துக்குப் பதில் ஒரு சூரியகாந்திப் பூ வைத்திருந்தார். மரியாதை தெரிந்தவனாக நன்றி சொல்லி, எந்த வரி அருமை, ஏன் அருமை, இரண்டாவது பத்தியில் கொஞ்சம் இழுவை இருப்பதாக எனக்கே ஒரு சந்தேகம், தங்கள் அபிப்பிராயம் என்ன என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். 'எல்லாமே அருமை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அடுத்த மாதம் காத்திருப்பு வரிசைகளைப் பற்றி எழுத உட்கார்ந்து, தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்த வேகத்தில் கை பட்டு அது வெளியாகிவிட்டது. தலைப்பு, கீழே வெறும் வெள்ளை. திரும்பி வந்து பார்த்தால் சூரியகாந்திக்காரர் ஆஜர். 'அருமை. தொடருங்கள்.' எதைய்யா தொடரச் சொல்றே, அந்த வெள்ளையையா? அன்றைக்கு நான் பாலையும் குடிக்கவில்லை.

மனம் விட்டுப்போய்க் கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவிடம் யோசனை கேட்டேன். அந்த அம்மாவும் பிளாக் வைத்திருக்கிறார்கள், ஜிப் தைப்பது எப்படி என்று எழுதினால் நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். என்னுடையதைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "சார், இவ்ளோ பெரிய பத்தியா? மூச்சு வாங்குது. ரெண்டு வரிக்கு ஒருதரம் இடம் விடுங்க. படம் போடுங்க. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுங்க. முக்கியமா, விஷயத்தை முதல்லயே சொல்லிருங்க" என்றார்கள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் கட்டுரை எதற்கு? விஷயம் என்னவென்று எனக்கே தெரியாமல்தானே ஐயா எழுத உட்காருகிறேன்? நாலாவது பக்கத்தில் தெரிந்தால் உண்டு. இருந்தாலும் சொன்ன வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து, தொலைந்ததற்குப் பதில் வாங்கிய குடையைப் படம் எடுத்துப் போட்டேன். மறுநாள் ஒருவர் போன் செய்து, "சார், அந்தக் குடை விக்கிறதுக்கா?" என்று கேட்டார். பதினேழு நிமிடம் பேசினேன். குடை விற்பனைக்கில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அவருக்குக் கோபம். எனக்கு அந்த மாதத்தில் யாரும் அவ்வளவு நேரம் காது கொடுத்ததில்லை.

தங்களை நினைத்துக்கொண்டது அப்போதுதான். 'குடையைப் பற்றிய கட்டுரை. குடை மூன்றாம் பக்கத்தில்தான் விரிகிறது. அதுவரை நனைந்தேன்' என்று சிவப்பு மையில் எழுதினீர்கள். 'முன்னுரை நன்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்' என்று ஒரு முறை. 'தங்கள் மைத்துனர் எதற்கு வருகிறார்? வேலை கொடுங்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று ஒரு முறை. அதைப் படித்து நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் மைத்துனரை எடுத்துவிட்டுப் பார்த்தால் கட்டுரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மைத்துனர் யார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் ஒன்பதாம் பக்கம் வரை வந்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்! இது என் மண்டையில் ஏற இத்தனை காலம் ஆனது. வேண்டாம் என்று சொல்வதற்காக ஒரு மனிதர் முழுதாகப் படித்திருக்கிறார். அருமை என்று சொல்ல அதெல்லாம் தேவைப்படவில்லை.

தங்களுக்கு இன்னொரு வாசகியும் இருந்தாள். என் மனைவி. நான் எழுதியதில் ஒரு வரி அவள் படித்ததில்லை, "உங்க லிஃப்ட் கதையெல்லாம் நான் நேர்லயே கேட்டாச்சு" என்பாள். ஆனால் திரும்பி வரும் உறையை என்னிடம் தரமாட்டாள், தானே பிரித்து, தாங்கள் எழுதிய இரண்டு வரியை நடுக்கூடத்தில் நின்று உரக்கப் படிப்பாள். "இன்னிக்கு உங்க ஆசிரியர் நல்ல மூட்ல இருக்கார், ரெண்டாவது பக்கம் பரவாயில்லைங்கறார்" என்று சிரிப்பாள். தபால்காரருக்குத்தான் கடைசி வரை விளங்கவில்லை. "சார், உங்க கையெழுத்துல உங்களுக்கே லெட்டர் வருதே, நீங்களே எழுதிப் போட்டுக்கறீங்களா?" என்று கேட்பார். போன மாதம் படியில் பார்த்தபோது, "இப்பல்லாம் உங்களுக்கு நீங்க எழுதறதே இல்லையே சார், சண்டையா?" என்றார். சிரித்துவிட்டு மேலே வந்துவிட்டேன். வந்து கதவைத் திறந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவள் காலமான வருடத்தைப் பற்றி நான் எழுதியது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். அறுபத்தைந்தாவது. மற்றவற்றை மூன்று வாரத்தில் அனுப்பிவிடுவீர்கள், அதை மட்டும் மூன்று மாதம் வைத்திருந்தீர்கள். வந்த உறையை முதல்முறையாக நானே பிரித்தேன். 'இது அச்சுக்குத் தகுதியானது. ஆனால் அச்சில் வந்தபின் தாங்கள் இதை வருத்தத்தோடு பார்ப்பீர்கள் என்று தோன்றுகிறது. சிறிது காலம் கையில் வைத்திருங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். நியாயப்படி எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அறுபத்தைந்தில் ஒன்று தேறியிருக்கிறது, அதையும் திருப்புகிறாரே இந்த மனுஷன் என்று. வரவில்லை ஐயா. உட்கார்ந்து அழுதேன். அதன்பின் இரண்டு இதழ்தான் வந்தது, நின்றுவிட்டது. அந்தக் கட்டுரையை நான் வலைப்பூவில் போடவில்லை. ஒரே ஒரு மத்தியானம் ஏற்றிவிட்டேன், விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கினால் சூரியகாந்திக்காரர் வந்து அருமை என்பாரே என்று நினைத்ததும் எடுத்துவிட்டேன். கையில் வைத்திருங்கள் என்ற தங்கள் குறிப்பு அன்றைக்கு இருந்தது, தப்பித்தேன். இனிமேல் நான் எழுதுவதை யார் தடுப்பார்கள்?

அதனால்தான் தங்கள் விலாசம் தேடி இதழ் அலுவலகம் இருந்த தெருவுக்குப் போனேன். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பக்கத்துச் சந்தில் தங்கள் பைண்டர் மட்டும் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஐயாவா? வீட்லதான் இருக்கார். போன வாரம் போய்ப் பார்த்தேன். மருந்து டப்பாவுக்குள்ள ஒரு தாள் மடிச்சு வெச்சிருப்பானே, அதைச் சிவப்புப் பேனாவால திருத்திக்கிட்டு இருக்கார் சார். யாரும் ஒண்ணும் அனுப்பறதில்லையேப்பான்னு என்கிட்டயே கேக்கறார்" என்று சொல்லி விலாசத்தை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் இந்த ஒப்பீட்டுக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். வலைப்பூவுக்கு இருபது நிமிடம் போதும், தங்களுக்கென்பதால் நாலு மாதம் ஆகிவிட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்று முடிவுரையில் சொல்லவேண்டும், அங்கே வந்து நின்றுவிட்டேன். தாங்கள் ஓரத்தில் எழுதுவதைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

அவசரமில்லை. தங்கள் கண்ணுக்குச் சிரமம் தராத நேரத்தில் படித்து, தயவு தாட்சண்யம் பாராமல் நிராகரித்து அருளவும். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பான விசாரிப்புகள். பேனாவில் மை குறையாமலும் மனதில் கோபம் குறையாமலும் தாங்கள் பல்லாண்டு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்களால் அறுபத்தைந்து முறை திருப்பி அனுப்பப்பட்ட,
ஓய்வுபெற்ற லிஃப்ட் பரிசோதகர்

பின்குறிப்பு: மேலே கேட்டதெல்லாம் வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் கட்டுரையை வெளியே எடுத்துவிட்டேன், பதில் உறையையும் எடுத்துவிட்டேன். அனுப்பினால் தாங்கள் இரண்டு வரி எழுதித் திருப்பிவிடுவீர்கள், அதோடு காரியம் முடிந்துவிடும், மறுபடி நான் அறுபத்தேழாவதை எழுதும்வரை என்ன செய்வது? வருகிற வியாழக்கிழமை நாலு மணிக்கு நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். பதினோரு பக்கம்தான். படித்துக் காட்டுகிறேன், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லலாம். அன்று யாரையும் பார்க்கத் தோன்றாவிட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதைமட்டும் தாங்களே கதவுவரை வந்து சொல்லவும்.