மச்சானோடு ஒரு குஸ்தி

இந்த ஜென்மத்தில் இனி மாட்டு மடியில் கை வைப்பதில்லை என்று போன மாதம் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். முடிவு எடுப்பது சுலபம். அதைக் கோமதியிடம் சொல்வதுதான் கஷ்டம். இருபத்தைந்து வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? அதனால் சொல்லவில்லை. தொழுவத்தில் வழுக்கி விழுந்தேன்.

விழுந்தது நிஜம். வலித்ததும் நிஜம், ஒரு கால் மணி நேரம். மிச்சத்தை நான் சேர்த்துக்கொண்டேன். வலது மணிக்கட்டில் தைலம் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டு, "இருவத்தொரு நாள் கையை அசைக்கவே கூடாதுன்னு கொழிஞ்சாம்பாறை வைத்தியர் சொல்லிப்போட்டாரு புள்ள" என்றேன்.

கோமதி அந்தத் துணிக் கட்டை ஒரு முறை பார்த்தாள், சொம்பை எடுத்துக்கொண்டாள். இரண்டு பசுவையும் அவளே கறந்தாள். பாலை சொசைட்டிக்கு அவளே கொண்டுபோனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்கு இந்தப் பக்கம் வேலை. கோயமுத்தூரில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் மகள் அனுப்பிரியா, டிவியில் செருகி ஆடும் மல்யுத்த கேம் ஒன்றை வீட்டில் விட்டுப்போயிருந்தாள். ஆளுக்கு நூற்றைம்பது கிலோ இருப்பார்கள். ஜட்டியோடு வந்து ஒருவரையொருவர் தூக்கி எறிவார்கள். நான் கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தினமும் நாலு பேரைச் சாய்ப்பேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கட்டு மறுபடியும் கையில் ஏறிவிடும். கறவைக்கு ஆள் வைக்கலாம் என்று அவள் வாயால் வர வேண்டும், எனக்கு அது ஒன்று போதும்.

பதினாறாம் நாள் மத்தியானம், வந்தது.

"ஏனுங்க, கறவைக்கு ஆள் வெச்சுப்போடலாமுங்களா?"

முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

"உன்ற இஷ்டம் புள்ள. நானென்ன சொல்றது?"

"சாயங்காலம் குப்பண்ணனை வரச் சொல்லியிருக்கறனுங்க. அதுவரைக்கும் பொழுது போகோணுமல்லங்க? இந்தக் குஸ்தி ஒண்ணு ஆடலாமுங்களா?"

"எனக்குக் கையி..."

"எடது கையிலயே ஆடுங்க. சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க."

அந்த கேமில் நமக்கு வேண்டிய மூஞ்சி, உடம்பு வைத்து ஆள் தயார் செய்துகொள்ளலாம். இதெல்லாம் கோமதிக்கு எப்போது தெரிந்தது என்பது எனக்குத் தெரியாது. திரையில் ஒருத்தன் வந்து நின்றான். முன்வழுக்கை, தொந்தி, குச்சிக் கால்.

"இது ஆரு புள்ள?"

"நீங்கதானுங்க."

எதிரே இன்னொருத்தர். முறுக்கு மீசை, அகலத் தோள்.

"அது?"

"எங்கண்ணனுங்க."

அவள் அண்ணன் அருள்குமார், வாளையாரில் லாரி ஓட்டுகிறார். எங்கள் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "மாப்பிள்ளைக்குக் கை பூஞ்சையா, பெலமே இல்லாம இருக்குதே" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னவர். இன்றுவரை ஒரு விசேஷத்திலும் அதைச் சொல்லாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்த மனுஷரைக் கண்டால் ஆகாது.

ஆட்டம் தொடங்கியது. கன்ட்ரோலரில் இடது கை ஆளை நடக்கவைக்கும். அடிப்பது, தூக்குவது, திமிறி எழுவது எல்லாம் வலது கை. ஆகவே நான் நடந்தேன். மச்சான் வந்து தூக்கினார், போட்டார். எழுப்பிவிட்டு மறுபடியும் போட்டார். அப்புறம் ஒரு இரும்பு நாற்காலியை எடுத்து வந்தார்.

"கொஞ்சம் பாத்து அடி புள்ள!"

"நானென்ன பண்றதுங்க? எங்கண்ணன் சுபாவமே அப்பிடித்தானுங்க."

கடைசியில் மச்சான் என் தொந்தி மேல் ஏறிப் படுத்தார். நடுவர் 'ஒன்று' என்று தரையைத் தட்டினார். கோமதி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, செல்போனை எடுத்தாள்.

"ஒரு நிமிசமுங்க. இதைப் போட்டோ புடிச்சு எங்கூட்டுக் குரூப்புல போட்டுக்கறன். அண்ணன் பாத்தா சந்தோசப்படுவாரு."

அந்தக் குரூப்பில் நாற்பத்தேழு பேர் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் என் வசத்தில் இல்லை. என் வலது கை தானாகவே கன்ட்ரோலரில் ஏறியது, ஆட்டம் ஓட ஆரம்பித்தது. மச்சான் என் மேலிருந்து பறந்தார். கயிற்றில் மோதித் திரும்பி வந்தவரைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, தரையில் அடித்து, மேலே ஏறி உட்கார்ந்தேன். நடுவர் மூன்று எண்ணினார். நான் சோபாவின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன்.

"ஆருக்குடா பூஞ்சைக் கை? ஆருக்குடா?"

கட்டுத் துணி அவிழ்ந்து மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கை நல்லாயிருச்சாட்டங்க" என்றாள் கோமதி.

"எங்க புள்ள... மச்சான் மூஞ்சியப் பாத்ததும் ஒரு ஆவேசம். வலியே தெரியல. இப்பப் பாரு, உசுரு போவுது."

"அப்பிடீங்களா" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். போனைக் காதில் வைத்தாள். "குப்பண்ணா, நீங்க வரவேண்டாமுங்க. எங்கூட்டுக்காரருக்கு வலி தெரியாமக் கறக்கறதுக்கு ஒரு வழி கெடச்சுப்போச்சுங்க."

மறுநாள் விடியற்காலை சொம்போடு தொழுவத்துக்குப் போனேன். கறக்க உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே சுவரில் புதிதாக ஒரு ஆணி. ஆணியில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மீசையை முறுக்கிக்கொண்டு, மச்சான்.

அன்றைக்கு அரை லிட்டர் பால் கூடுதலாக வந்தது.