எட்டு விநாடியும் நாற்பத்துமூன்று வணக்கமும்

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிங்கமும் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரை முதலில் சொல்வதுதான் முறை. அந்தக் காட்டில் சிங்கத்துக்கே கம்ப்யூட்டர்தான் சோறு போட்டது.

பக்கத்துக் காட்டு ராஜாக்கள் கூடிய மாநாட்டுக்குச் சிங்கராஜா ஒருமுறை போய்வந்தார். (மற்ற மிருகங்களை 'அது' என்பேன், ராஜாவை 'அவர்' என்பேன். கதை சொல்கிறவனுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.) போன இடத்தில் நாகரிகம் தொற்றிக்கொண்டது. திரும்பி வந்ததும் ஒரு சட்டம் போட்டார். இனி இரைச் சீட்டு இல்லாமல் யாரும் யாரையும் தின்னக் கூடாது. சீட்டு கம்ப்யூட்டரில்தான் வரும். ராஜாவுக்கும் அதே சட்டம். கைதட்டல் பலமாக இருந்தது. சட்டம் போட்ட அன்று ராஜா வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்.

மறுநாள்தான் வினை தெரிந்தது. காலை எட்டு மணிக்கு சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் திறக்க எட்டு நாற்பத்திரண்டு ஆகும். அதுவரை ராஜா வெறும் வயிற்றோடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சீட்டு அச்சாகி, முத்திரை குத்தி, கைக்கு வருவதற்குள் சீட்டில் பெயர் எழுதிய மான் இரண்டு மலை தாண்டியிருக்கும். ராஜாவின் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று ஆகிவிட்டது. காட்டில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டினார்கள். மான்கள் மட்டும் அதைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள இசக்கிமுத்து என்று ஒரு கீரி இருந்தது. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அரசாங்கத்தில் தற்காலிகத்துக்குத்தான் ஆயுசு கெட்டி. நிரந்தர ஊழியர்களுக்கு ஆற்றங்கரை மேட்டில் குவார்ட்டர்ஸ் உண்டு. மழைத் தண்ணீர் ஏறாத, நல்ல செம்மண் வளைகள். தற்காலிகத்துக்கு அது கிடையாது. அதனால் கீரி வாடகைக்குக் குடியிருந்தது. யார் வீட்டில் என்றால், நல்லபாம்பு நாகாபரணத்தின் புற்றில்.

சிரிக்க வேண்டாம். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் யார் என்று பார்த்தா குடிபோக முடிகிறது? தினமும் சாயங்காலம் கீரி வீட்டுக்குள் நுழையும்போது, "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். பாம்பு பாதிப் படத்தை மட்டும் விரித்து, "ஆச்சு தம்பி" என்று சொல்லும். ஒன்பது வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரு கடி கிடையாது. பரம்பரைப் பகையெல்லாம் சொந்த வீடு இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

சித்திரையில் ஒருநாள் பாம்பு தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. ஆனி மாசம் முட்டை போடப் போறேன். அதுக்குள்ள வேற வீடு பாத்துக்கிடுங்க. உங்க குணம் எனக்குத் தெரியும். முட்டைக்குத் தெரியாதுல்லா?"

கீரி உள்ளே போய் மனைவி பேச்சியிடம் சொன்னது. பேச்சி, "அவுக சொல்லுதது நியாயந்தான். முட்டைன்னு காதுல விழுந்ததுமே எனக்கு நாக்குல தண்ணி ஊறுது. நாம போயிருவோம்" என்றது.

போவது என்றால் எங்கே போவது? அந்த நேரம் பார்த்து ராஜா கூப்பிட்டு அனுப்பினார்.

"வே இசக்கிமுத்து, ஆனி ஒண்ணாந்தேதிக்குள்ள இந்தப் பொட்டி ஒரு நிமிசத்துல திறக்கணும். திறந்தா நீரு நிரந்தரம், குவார்ட்டர்ஸும் உண்டு. திறக்கலேன்னா காட்டை விட்டுக் கிளம்பிரும்" என்றார். சொல்லும்போதே ராஜாவின் வயிறு ஒருமுறை உறுமியது. அந்த உறுமல்தான் கீரியை அதிகம் பயமுறுத்தியது.

இதற்கு முன்பே அலுவலகக் கண்காணிப்பாளர் கரடி பிச்சாண்டி ஒரு காரியம் செய்திருந்தது. பட்டணத்தில் ஆள் சொல்லி எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க் ஒன்று வரவழைத்திருந்தது. பழைய டிஸ்க் சுற்றும், முனகும், கேட்டதைத் தேடித் துழாவி எடுத்துக் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. சுற்றாது, முனகாது, கேட்பதற்குள் கொடுத்துவிடும். அதை மாட்டி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். நாற்பத்தொரு நிமிடத்தில் திறந்தது.

"ஒரு நிமிசம் மிச்சம். சாதனைன்னு எழுதிருவோம்" என்றது கரடி.

சாதனையை ராஜா நம்பவில்லை. விசாரணைக் கமிஷன் போடச் சொன்னார். தாமதத்தை விசாரிக்க ஆமையைப் போட்டால் அது குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்ளும் என்று நத்தையைப் போட்டார்கள். நத்தை இன்னும் அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? ஆளாளுக்கு எஸ்.எஸ்.டி.யைக் குறை சொன்னார்கள். இத்தனூண்டு இருப்பது எப்படி வேலை செய்யும் என்று யானை கேட்டது. துணைக்கு இன்னொன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று கரடி சொன்னது.

கீரி யாரிடமும் வாதம் பண்ணவில்லை. பெட்டியைத் திறந்தது. வயரை எல்லாம் அசைத்துப் பார்த்தது, இறுக்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் இன்னும் பழைய டிஸ்கைத் தேடி ஓடுகிறதோ என்று பார்த்தது, அதுவும் இல்லை. பிறகு கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டது. எட்டே விநாடி. எஸ்.எஸ்.டி. தன் வேலையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அதற்கப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. முதலில் ராஜாவின் படம் வந்தது. பிடரி ஒவ்வொரு மயிராக விரிந்தது. மூன்று கர்ஜனை. அது அடங்கியதும் மந்திரி நரியின் படம், இரண்டு கைகளையும் கூப்பியபடி. அடுத்து கரடியின் படம், கீழே அதன் பட்டங்கள். அடுத்து மயில் மன்றத்தின் வரவேற்பு நடனம், முழுசாக. அடுத்து காட்டுப்பன்றி, அடுத்து யானை. மூத்தவர் முடிக்காமல் இளையவர் எழுந்திருக்கக் கூடாது என்று வரிசை வேறு. பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'அவர்களே, அவர்களே' போட்டு முடிப்பதற்குள் எதிரே இருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்களே, அதேதான். சுவிட்சைப் போட்டதும் தானாக எழ வேண்டிய மென்பொருள்களின் ஸ்டார்ட்-அப் பட்டியலில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயர் மான் சங்கம். அந்த மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் அதை மிகவும் நிதானமாகச் செய்தது.

கண்டுபிடித்தாகிவிட்டது. பெயருக்கு நேரே இருக்கும் டிக்கை எடுத்தால் தீர்ந்தது. ஆனால் யாருடைய டிக்கை எடுப்பது? கீரி மரியாதை தெரிந்த பிராணி. முதலில் கரடியிடம் போய், "அண்ணாச்சி, கோளாறு டிஸ்குல இல்ல. பட்டியல் நீளமா இருக்கு. உங்க பேரை எடுத்துக்கிடவா?" என்று கேட்டது.

"மத்தவங்களோடத எல்லாம் தாராளமா எடும்வே. நான் குறுக்க நிக்க மாட்டேன். என்னோடதுல மட்டும் கை வைக்காதீரும்."

நரியும் அதையே சொன்னது. மயிலும் அதையே சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதது. யானையிடம் போனபோது வேறு வம்பு வந்தது. தன் பெயர் காட்டுப்பன்றிக்குப் பின்னால் வருவது யானைக்கு அதுவரை தெரியாது. "எனக்கு முன்னால பன்னியா?" என்று மட்டும் கேட்டது. அன்றைக்கே அதை மூன்றாவது இடத்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. தும்பிக்கை தூக்கும் காட்சி ஒன்றும் சேர்ந்தது. பட்டியல் என்று ஒன்று இருக்கிற சேதி காட்டில் பரவியது. பட்டியலில் இல்லாதவர்கள் மனுவோடு வந்தார்கள். அணில் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, வௌவால் தலைகீழாகத் தொங்கும் படத்தோடு வந்தது. பத்து நாளில் பெயர் நாற்பத்துமூன்று ஆனது. கம்ப்யூட்டர் திறக்க ஐம்பத்தெட்டு நிமிடம் ஆனது.

புற்றில் பாம்புக்கு வயிறு இறங்கிவிட்டது. "தம்பி, வீடு பாத்தாச்சா?" என்று கேட்கும்போது அதன் படம் இப்போதெல்லாம் முழுசாக விரிந்திருந்தது. பேச்சி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து, முட்டை ஆசையை அடக்கப் பட்டினி விரதம் பழகியது.

கடைசியில் கீரி துணிந்தது. வைகாசி கடைசி நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, நாற்பத்துமூன்று டிக்கையும் எடுத்தது. சுவிட்சைப் போட்டது. கையை எடுப்பதற்குள் திரை திறந்து, 'சொல்லுங்க' என்கிற மாதிரி நின்றது. ஒன்பது வருடத்தில் கீரிக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. தன் கை வேலை தெரிந்த கை என்று முதல்முறையாகத் தோன்றியது. வீட்டுக்குப் போய் பேச்சியிடம், "பாத்திரத்தைக் கட்டு, நாளைக்குக் குவார்ட்டர்ஸ்" என்றது.

விடிந்ததும் காடே அலுவலக வாசலில் கூடிவிட்டது. ராஜா தன் பாதத்தாலேயே சுவிட்சை அழுத்தினார். எட்டு விநாடியில் கம்ப்யூட்டர் திறந்தது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏதோ வர வேண்டும் என்பதுபோல ராஜா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கவே?" என்றார்.

"எது ராஜா?"

"என் படம். மூணு கர்ஜனை."

ராஜா மெல்ல எழுந்தார். "நான் வந்து தொட்டாலும் எட்டு விநாடி. நாளைக்கு ஒரு எலி வந்து தொட்டாலும் எட்டு விநாடி. அப்ப எனக்கும் எலிக்கும் என்னவே வித்தியாசம்?"

"அதானே" என்றது கரடி. யானை ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டது. கீரி சரியாக அந்தக் காலுக்குக் கீழே நின்றிருந்தது.

பயம் வந்தால் சிலருக்குப் புத்தி போகும், சிலருக்கு வரும். கீரிக்கு வந்தது. பாம்பு, முட்டை, பேச்சி கட்டிவைத்த பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன.

"ராஜா, இது ஒத்திகை. பெரியவங்க வாறதுக்கு முன்னால மேடையைக் கூட்டிப் பாத்தேன், அம்புட்டுதான்" என்றது. நாற்பத்துமூன்று டிக்கையும் மளமளவென்று திரும்பப் போட்டது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி சுவிட்சைப் போட்டது. ஐம்பத்தெட்டு நிமிடம். ராஜா கர்ஜித்தார், நரி கும்பிட்டது, மயில் ஆடியது, வௌவால் தொங்கியது. ஒவ்வொருவர் படம் வரும்போதும் அவரவர் வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள். யானை காலைக் கீழே வைத்தது, நல்லவேளையாக வேறு இடத்தில்.

"எல்லாம் சரி. என் பலகாரம்?" என்றார் ராஜா.

"அதுக்குத்தான் வாறேன், ராஜா. இம்புட்டு மங்களமா உங்க படம் வந்த பொறவு, சாயங்காலமானா அதை அணைக்கோமே, அது அடுக்குமா? ராஜா படத்தை அணைக்கலாமா? அணைக்காமலே விட்டுட்டா, நாளைக்குக் காலையில பொட்டி திறந்தே இருக்கும். வந்த உடனே சீட்டு."

சபையில் ஆமோதிக்கிற முணுமுணுப்பு எழுந்தது. எல்லோர் படமும் வந்தாயிற்று, இனி ராஜா படத்தை அணைக்கவும் தேவையில்லை. இதைவிட நல்ல யோசனை யாருக்குத் தோன்றும்? "ஆனா யாராவது மறதியா அணைச்சிட்டா?" என்று நரி கேட்டது.

"ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்து சுவிட்சைப் பாத்துக்கிடணும்" என்றது கீரி, ரொம்ப அடக்கமாக.

அன்று மாலையே ஆணை வந்தது. சுவிட்ச் காவலர், பணியிடம் ஒன்று, நிரந்தரம், குவார்ட்டர்ஸ் உண்டு. ஒன்பது வருடம் கம்ப்யூட்டரை ஓட வைக்கப் பாடுபட்டதற்குக் கிடைக்காத வேலை, அதைத் தொடாமல் இருப்பதற்குக் கிடைத்தது. குடி கிளம்பும்போது நாகாபரணம் வாசல்வரை வந்தது. "ஒன்பது வருசம் ஒண்ணா இருந்தோம், கண்ணுல தண்ணி வருது தம்பி" என்றது. உண்மையிலேயே வந்தது. அதற்குள் போட்டுவிட்ட முட்டையை மட்டும் வால் சுற்றி மறைத்து வைத்திருந்தது. பேச்சி அந்தப் பக்கம் பார்க்காமலே கும்பிட்டுவிட்டுக் கிளம்பியது.

மறுநாளிலிருந்து ராஜாவுக்கு எட்டு மணிக்குச் சீட்டு, எட்டேகாலுக்கு மான். விலா எலும்பு மறைந்தது. மான் சங்கம் கறுப்புக்கொடி காட்டிப் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆடி மாதம் பத்தாம் தேதி காலையில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. சுவரோரம் வரும் மின்வயரை யாரோ கடித்திருந்தார்கள். பல் தடத்தைப் பார்த்தால் புல் தின்கிற பல். வயரை ஒட்டி, கடித்தவர் மயக்கம் தெளிந்து எழுந்து போன குளம்புத் தடம் வேறு.

ஒட்டுப்போட்டு சுவிட்சைப் போட்டார்கள். கர்ஜனை ஆரம்பித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தாமதம்? இன்னைக்கே அறிக்கை வேணும்" என்றார்.

கீரி புது மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தது. மான் என்று எழுதினால் சங்கம் போராட்டம் நடத்தும். பட்டியல் என்று எழுதினால் நாற்பத்துமூன்று பேரும் வீட்டுக்கு வருவார்கள், அதில் யானையும் ஒருவர். சுவிட்ச் காவலர் என்று எழுதினால் திரும்பப் புற்றுக்குப் போக வேண்டும். சங்கமும் சொந்தபந்தமும் வாயும் இல்லாத ஒரே ஒருவர் அந்த அறையில் எட்டு விநாடியில் வேலையை முடித்துவிட்டு, தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். கீரிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுதியது:

'கோளாறு எஸ்.எஸ்.டி.யில் உள்ளது.'

கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'நிரந்தரம்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியது.

நீதி: கோளாறைக் கண்டுபிடிப்பவன் பாம்போடு குடியிருப்பான், கோளாறுக்குக் காவல் இருப்பவனுக்குத்தான் குவார்ட்டர்ஸ்.