அப்பாவின் மோட்டாருக்கு ஃபிரீ கியர் விழவில்லை

மரியே வாழ்க!

பீடோங்,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள அகத்தா அக்காவுக்கு,

தங்கை ஜேன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் எல்லாரும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே லூனாஸில் நீயும் அழகேசன் மாமாவும் பாப்பாவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான் சுகமில்லை.

பாப்பா பிறந்த செய்தியோடு நீ எழுதிய கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே படித்தார். 'ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் அப்பா' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நீ ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பெயரையே எடுக்காதவர், "மோட்டாருக்கு ஃபிரீ கியர் விழமாட்டேங்குது. அது சரியாகட்டும், போவோம்" என்றார். நியூட்ரலைத்தான் அப்படிச் சொல்கிறார். நின்ற இடத்தில் எத்தனை முறை மிதித்தாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவுகிறது, இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது, நடுவில் நிற்பதே இல்லை. நியூட்ரல் விழுந்தால் எரிகிற பச்சை விளக்கு எரிந்து நாளாகிறது. "பஸ்ஸில போலாமே" என்று அம்மா கேட்டதற்கு, "மக வூட்டுக்கு மொத தடவ போறவன் பஸ்ஸுலயா போய் எறங்குவான்? மோட்டாருல போனா சுங்கைப்பட்டாணியில எத்தன சிக்னலு! ஒவ்வொண்ணுலயும் கிளட்சப் புடிச்சிக்கிட்டே நின்னா என் கை என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

முதல் வைத்தியமாக மாதா கோயிலில் வாகன ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனோம். எல்லாரும் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றார்கள். அப்பா மட்டும் நிறுத்தவில்லை. ஓடுகிற எஞ்சினில்தான் ஆசீர்வாதம் நன்றாக இறங்கும் என்று யாரோ சொன்னார்களாம். கியரில் போட்டபடி கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்ததும், பக்தியில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார் அக்கா! கிளட்ச் விட்டதும் மோட்டார் ஒரு குதி குதித்து, தீர்த்த வாளியைக் கவிழ்த்து, சாமியாரின் அங்கியில் மூக்கை வைத்து நின்றது. பக்கத்தில் நின்ற செல்லாயி சின்னம்மா விடுவாரா? "என்னா பரஞ்சோதியண்ணே, சாமியாரையும் ஏத்திக்கிட்டுப் போகப் பாத்தீங்களா? மோட்சத்துக்கு டபுளா?" என்று கேட்டது வாசல் வரைக்கும் கேட்டது. எனக்கு மோட்டாருக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

பிறகு பீடோங்கில் மோட்டார் பழுதுபார்க்கும் சீனத் தவுக்கேயின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தவுக்கே எஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்து, "இது லோரி எண்ணெலா! இவ்ளோ கெட்டி! மோட்டாருக்கு யார் ஊத்தினா?" என்று கத்தினார். தோட்டத்து லோரி ஓட்டும் அய்யாவு மாமா மிச்ச எண்ணெயை அன்போடு கொடுத்ததையும், அப்பா அதைச் சத்து மருந்துபோல் ஊற்றியதையும் யார் சொல்வது? அப்பா மேலே பார்த்தார். நான் கீழே பார்த்தேன். தவுக்கே எண்ணெயை மாற்றி, கிளட்ச் கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகைத் திருகிக் கிளட்ச் கம்பியை இழுத்து வைத்தார். கம்பி தளர்ந்தால் ஃபிரீ கியர் விழாதாம். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அது விளக்காகவே தெரியவில்லை, உன் வீட்டு வாசலாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் மறுபடியும் விழவில்லை. திருகு தளர்ந்து, கம்பி தொளதொள என்றிருந்தது. தவுக்கே செய்ததைப் பார்த்திருந்ததால் நானே திருகி வைத்தேன். அதற்கு மறுநாளும் தளர்ந்திருந்தது. ஆட்டத்தில் கழல்கிறதோ, கோழி கொத்துகிறதோ என்றெல்லாம் நினைத்தேன். கடைசியில் ஜெபமாலை நேரத்தில் கண்டுபிடித்தேன். மன்றாட்டு மாலை தொடங்கியதும் அப்பா, "கோழி அடைஞ்சிச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போகிறார் அல்லவா? அம்மா மாதாவைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா கோழிக்கூட்டுப் பக்கமே போகவில்லை. மோட்டாருக்கு முன்னால் நின்று, அந்தத் திருகைத் தளர்த்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற இடத்துக்குச் சரியாக வந்து முழந்தாளிட்டார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எப்போது பேச வந்திருக்கிறது? மிட்டாய் வாங்கக்கூட நீதானே எனக்காகக் கடையில் பேசுவாய். உன் கட்டிலில் அம்மா துணி மடித்து வைக்கிறாள், நான் எடுத்துக் கீழே வைக்கிறேன், அவள் மறுபடியும் வைக்கிறாள். தலை வாரும்போது வகிடு கோணலாகவே வருகிறது, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. பாப்பாவுக்குக் காது உன்னைப் போலவா, மாமாவைப் போலவா? சிரிக்கிறாளா? வேறு யாரிடமும் கேட்க முடியாததால் உன்னிடமே கேட்கிறேன். அப்பா வரமாட்டார் அக்கா. வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காதே.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவின் இரண்டு உள்ளங்காலிலும் எனக்காக ஒவ்வொரு முத்தம். மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை ஜேன்

பி.கு.: ஞாயிறு காலை, பூசை முடிந்து எழுதுகிறேன். நேற்று இதை மடித்து வைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். அப்பா கோழி பார்க்க எழுந்தார். எனக்கு என்ன வந்ததோ, நானும் எழுந்து பின்னாலேயே போனேன். அவர் விரல் திருகின்மேல் இருந்தது. "எனக்கு அக்காவப் பாக்கணும்ப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பா திருகிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "நான் போயி, அந்தப் பையன் என்னை வாசல்லயே நிக்க வெச்சிட்டா?" என்று கேட்டார். "மாட்டாருப்பா. அக்கா எனக்குத் தனியா எழுதின கடுதாசியில, உங்களுக்குச் சுருட்டுப் புடிக்குமான்னு மாமா கேட்டிருந்தாரு" என்றேன். "எந்தச் சுருட்டு?" என்றார்.

இப்போது வெளியில் எஞ்சின் ஓடுகிறது. "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க. நடுவுல நின்னா தள்றதுக்கு ஜேன்தான் சரி. நான் அடுத்த வாரம் பஸ்ஸுல வரேன்" என்கிறாள் அம்மா. திருகைத் திருகிக் கொடுக்கவா என்று கேட்டால் அப்பா, "லூனாஸ் வரைக்கும் யாரு நிக்கப் போறா? ஏறும்மா!" என்கிறார். தபால்தலை வேண்டாம், இதை என் கையாலேயே தருகிறேன். அப்பா எதிரில் சத்தமாகப் படித்துவிடாதே.