டீவி டீச்சரும் என் கருவாட்டுக் காகங்களும்

ஆலங்குடாவில் பிறந்தவர்கள், இடம்பெயர்ந்து வந்தவர்கள், பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் பறக்கிற வெள்ளைக்காரர்கள் என எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். என் பிரஷரை ஏற்றியதில் டீவி டீச்சருக்குப் பக்கத்தில்கூட யாரும் வரமாட்டார்கள்.

அவர் டீவியில் வந்தவருமல்ல, டீச்சருமல்ல. கற்பிட்டியில் போன் திருத்துகிற பெண். ஊரே தட்டை டீவிக்கு மாறியபோது, முதுகு வீங்கிய பழைய டீவிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கினார். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும் பக்கத்துப் பெண்ணிடம், “உங்கட பழைய டீவி மூச்சு விடுதா?” என்று சுகம் விசாரிப்பார். ஒவ்வொரு டீவியோடும் சவர்க்காரக் கட்டியளவு மலிவுக் கணினி ஒன்றைக் கோர்த்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ப்ரோக்ராம் எழுதப் பழக்கினார். அதற்கு இடம் தேடி, கடற்கரையில் நான் கருவாடு போடுகிற வாடிக் குடிசைக்கு வந்தார்.

“பின் ரூம் சும்மாதானே நானா கெடக்குது?” என்றார். எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்.

“எங்க சும்மா? வலை கெடக்குது.”

“வலைக்கு ஒரு மூலை போதும்.”

அடுத்த கிழமை ஒன்பது டீவிகள் உள்ளே இருந்தன. என் வலை வெளியே கிடந்தது.

முதல் பாடம் முற்றத்தில் நடந்தது. “கொம்பியூட்டர் என்டா அறிவாளி இல்ல. சொன்னத மட்டும் செய்யிற மக்கு. இப்ப நான்தான் கொம்பியூட்டர்” என்றார். சுமையா என்ற பிள்ளை, “நேரா நடக்கணும்” என்றாள். நடந்தார். நேரே நான் காயப்போட்டிருந்த கட்டா மீன் கருவாட்டின்மேல்!

“அடியேய்! என்ட கருவாட்டுல கால வைக்காத! ஒழிஞ்சு போ!” என்று கத்தினேன்.

“நீங்க ப்ரோக்ராம்ல இல்ல நானா” என்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போதுதான் சுமையாவுக்கு, “தண்ணி பட்டா திரும்பணும்” என்று சொல்லத் தோன்றியது.

கருவாடு மிதித்த காலோடு கரையேறி வந்தவரிடம், “மாசக் கடைசியில ரூமை விடுங்க. நெத்தலி வந்தா வைக்க எனக்கு எடமில்ல” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“ரூம் போனா வகுப்பும் போச்சு நானா. இத்தன டீவியையும் வேற ஆரு ஏத்துக்குவாங்க?” உடனே என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஆகப் பெரிய தொல்லை என்ன?”

“நீங்க. அதுக்கடுத்தது காகம்.”

“மாசம் முடிய முந்தி காகத்தை நிப்பாட்டினா ரூமைத் தருவீங்களா?”

நானும் சிரித்துக்கொண்டு, “ஓம், தாறன்” என்றேன். புத்தி கெட்டுப் போயிருந்தது.

கருவாடு காயும் தட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் செய்த ஒரு பெட்டி முளைத்தது. கிட்ட ஏதாவது அசைந்தால் அது கத்தும். என்ன சத்தம் போடலாம் என்று பிள்ளைகள் கூடிக் கதைத்து, இந்தக் கரையிலேயே பயங்கரமான சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது என் குரல். அன்று நான் திட்டியதை ஒரு பிள்ளை போனில் பிடித்து வைத்திருந்ததாம்.

காகங்கள் பறந்தன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மறுநாள் கருவாடு வாங்க வந்த பள்ளிவாசல் மௌலவியைப் பார்த்தும் பெட்டி அதே குரலில், “ஒழிஞ்சு போ!” என்றது. நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மனிசன் ஒரு கிழமை என் பக்கமே திரும்பவில்லை.

“காகத்தையும் மௌலவியையும் பிரிச்சறியத் தெரியாதா உங்கட பெட்டிக்கு?” என்று பாய்ந்தேன்.

பிள்ளைகள் விடவில்லை. சுமையாதான் வழி கண்டாள். பெட்டி முதலில் சலாம் சொல்லும். மனிசர் என்றால் பதில் சலாம் சொல்வார்கள்தானே? பதிலுக்கு ஏதாவது சத்தம் கேட்டால் பெட்டி பேசாமல் இருக்கும். கேட்காவிட்டால் திட்டும். அந்தச் சலாமையும் என் குரலிலேயே பதிந்தார்கள்.

மாசக் கடைசி நாள், மௌலவியை வலிந்து கூட்டி வந்தேன். பெட்டி அன்பாகச் சலாம் சொன்னது. அவர் பதில் சொன்னார். ஒரு திட்டு இல்லை. டீச்சர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு காகம் தட்டியில் இறங்கியது.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றது பெட்டி.

“கா!” என்றது காகம்.

பெட்டி வாயை மூடிக்கொண்டது. காகம் ஆறுதலாகக் கட்டாவைக் கொத்தித் தின்றது. மௌலவி தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. “பந்தயம் பந்தயம்தான் நானா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். பிள்ளைகளோ வகுப்பு போய்விட்டதையே மறந்து, காகத்தின் பதிலுக்கும் மனிசரின் பதிலுக்கும் என்ன வித்தியாசம் என்று பெட்டியைச் சுற்றி நின்று சண்டை பிடித்தார்கள். சுமையா நீட்டி ஒருமுறை, கட்டையாக ஒருமுறை காகம்போல் கத்திக் காட்டினாள்.

எனக்குத் தாங்கவில்லை. “டீச்சர், அந்த வயரை வைங்க” என்றேன். “பாதி வேலையில விட்டுட்டுப் போனா காகத்துக்கு ஆரு பொறுப்பு?”

அந்த முறை நெத்தலியை மச்சான் வாடியில் வைத்தேன். காகத்துக்காகத்தான் டீச்சரை நிற்கச் சொன்னதாக வீட்டில் இன்றைக்கும் சாதிக்கிறேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: டீச்சர் வராத சனிக்கிழமை எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.