தாய்மாமன் சீரும் தறிகெட்ட கம்ப்யூட்டரும்

திரை மறுபடியும் நீலமாகிவிட்டது.

முக்கால்வாசி தயாராகியிருந்த வீடியோ போயே போய்விட்டது. அழகுபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டான்.

"என்னங்க, செத்துருச்சா?" என்று அடுப்படியிலிருந்து முனீஸ்வரியின் குரல் வந்தது. கவலையாகக் கேட்ட மாதிரி இல்லை.

"சாகலடி. ஓவர்கிளாக் பண்ணிருக்கேன்ல, லேசா மயக்கம் போடுது."

ஓவர்கிளாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இந்த வேகத்தில் ஓடினால் போதும் என்று அதைச் செய்தவன் சொல்லியிருப்பான். அவன் பேச்சை நம்பாமல், "இன்னும் கொஞ்சம் ஓடுறா" என்று நாம் விரட்டுவதுதான் ஓவர்கிளாக். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த பிராசசரை அழகுபாண்டி விரட்டியதற்குக் காரணம் தங்கப்பாண்டி.

தங்கப்பாண்டி நாகமலை புதுக்கோட்டையில் பெரிய கான்ட்ராக்டர். தங்கச்சி மகன் காதுகுத்துக்குத் தாய்மாமனாக நூற்றியொரு தட்டுச் சீர் கொண்டுபோனவர். கொட்டும் வேட்டும் அமர்க்களப்பட்டதாக ஊரே பேசியது. அந்த வீடியோவை எடிட் செய்யும் வேலைதான் அழகுபாண்டிக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் ஆர்டர்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை எந் தங்கச்சியோட மாமனார் நம்ம வீட்டுக்கு வாராரு. காதுகுத்துக்கு அவரால வர முடியல. பெரிய டிவியில போட்டுக் காட்டணும். ஒரு தட்டு விட்டுப் போகக் கூடாது, சொல்லிப்புட்டேன். நல்லா வந்துச்சுன்னா எம் மக கல்யாணமும் உனக்குத்தேன்" என்றிருந்தார் அவர்.

நன்றாக வராவிட்டால் என்ன என்பதை முனீஸ்வரி சொல்லியிருந்தாள். "பேசாம எங்கப்பா கடையில போய் ஆணி நிறுத்துப் போடுங்க." மாமனார் இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் முன்னால் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அழகுபாண்டியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

யூடியூபில் ஒரு பையன், "கிராஷ் ஆனா கவலப்படாதீங்க ப்ரோ, வோல்டேஜை லேசா ஏத்தி விடுங்க" என்றான். அழகுபாண்டி ஏற்றினான். லேசாக என்றால் எவ்வளவு என்று பையன் சொல்லவில்லை. இந்தமுறை திரை நீலமாகக்கூட ஆகவில்லை. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராக வைத்தான். காற்று அடித்த வேகத்தில் உள்ளே சேர்ந்திருந்த தூசியெல்லாம் கிளம்பிப்போய், முனீஸ்வரி காயவைத்திருந்த வடகத்தின் மேல் உட்கார்ந்தது.

"நீங்களே தின்னுங்க" என்று தாம்பாளத்தை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவனுக்கு வந்த யோசனையை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. அவள் கோச்சடை மார்க்கெட் பக்கம் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரை அடுப்படிக்குத் தூக்கிப்போய் ஃபிரிட்ஜ் முன்னால் வைத்து, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டான். பிராசசர் குளுகுளுவென்று ஓடியது. வீடியோ ஒரு தடங்கலுமில்லாமல் முடிந்தது. அவள் திரும்பி வந்தபோது பால் திரிந்திருந்தது. இட்லி மாவு பொங்கி, தட்டுத் தட்டாக இறங்கிக் காய்கறிப் பெட்டிவரைக்கும் போயிருந்தது.

"அது ஆறிருச்சுடி!" என்றான் அழகுபாண்டி சந்தோஷமாக.

"எனக்கு ஆறலைங்க" என்றாள் அவள்.

அவளைச் சமாதானப்படுத்த, வீடியோவைப் போட்டுக் காட்டினான். கொட்டு முழங்க, மண்டப வாசலில் சீர் வரிசை வந்தது. ராமர் பச்சைப் பட்டுக் கட்டிய ஒரு அம்மா பலாப்பழத் தட்டோடு உள்ளே போனார். பின்னால் வாழைப்பழம், லட்டு, வேட்டி சட்டை, சாக்லேட்டில் செய்த தேர்.

கொஞ்ச நேரம் கழித்து அதே பச்சைப் பட்டு, அதே பலாப்பழம்.

அழகுபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்னால் அதே வாழைப்பழம், அதே லட்டு, அதே தேர். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறையாகப் பலாப்பழம் வந்தது.

"ஐயையோ!" என்று அலறிவிட்டான். "ஓவர்கிளாக் தாங்காமக் கணக்கைத் தப்பாப் போட்டுருச்சுடி! போன படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுது!"

வேகத்தைப் பாதியாகக் குறைத்து வீடியோவை மறுபடி தயார் செய்தான். பலாப்பழம் மூன்று முறை வந்தது. பிராசசரைப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்தான். அப்போதும் மூன்று முறை. கேமராவிலிருந்து வந்த ஒரிஜினலைத் திறந்து பார்த்தான். அதிலும் அப்படியே இருந்தது. சூட்டில் ஒரிஜினலையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோனான்.

படம் பிடித்த ஜெர்சனுக்குப் போன் போட்டான். அவன் ஏதோ சர்ச் கல்யாணத்தில் இருந்தான்.

"மாப்ள, காதுகுத்து எடுத்த மெமரி கார்டு அழிக்காம இருக்கா?"

"அதுலதான்டா இப்ப பொண்ணு மாப்பிள்ளை மோதிரம் மாத்துறாக. ஏன்டா?"

"சீர் வரிசையில ஒரே ஆளுக மூணு தடவை வாராக மாப்ள. நீ எதுவும் திரும்ப எடுத்தியா?"

"கிறுக்காடா உனக்கு? வாசல்ல ஸ்டாண்டைப் போட்டு ஒரே ஷாட்டா எடுத்தேன். கேமரா சரியாத்தேன் இருந்துச்சு, உன் டப்பாவைப் பாரு" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு விடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழிதான். திரும்ப வந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவது. ஆனால் அழகுபாண்டிக்கு எல்லாச் சேலையும் ஒன்று போலத் தெரிந்தது. முனீஸ்வரிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் ஆணி நிறுக்கப் போனால் அப்பா வீட்டில் தன் மானமும் போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

"இந்த வாடாமல்லிக் கலர் போயிருச்சு, வெட்டுங்க. இந்த அரக்குச் சேலை முன்னாடியே வந்துட்டா, வெட்டுங்க."

"எப்புடிடி இம்புட்டுக் கரெக்டாச் சொல்ற?"

"சேலை மறக்குமா?" என்றவள் திரையை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, மொதத் தடவை இந்தப் பச்சைப் பட்டு சிரிச்சுக்கிட்டே போச்சு. மூணாவது தடவை மூச்சு வாங்குது. பூவும் ஒரு பக்கமாத் தொங்குது."

"எம்புட்டுத் தூரம் கெடுத்துருக்கு பாரு" என்று அழகுபாண்டி பெருமூச்சு விட்டான். "பூவைக் கூட விட்டு வைக்கல."

பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்து, பென்டிரைவைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குக் கிளம்பினான்.

தங்கப்பாண்டி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. நடுநாயகமாகத் தங்கச்சியின் மாமனார் நல்லகாமன், மீசையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். தட்டில் வடை வந்தது. டிவியில் கொட்டு முழங்கியது. தங்கப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்பப் பாருங்க மாமா!" என்றார்.

நல்லகாமன் பார்த்தார். அவர் இரண்டாவது வடையைக் கடித்தபோது சீர் வரிசை முடிந்துபோய், ஆசாரி பையனின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ மாப்ள, நூத்தியொரு தட்டுன்னாக. இதென்ன, முப்பது சொச்சம்தேன் வந்துச்சு?"

தங்கப்பாண்டியின் முகம் செத்துப்போனது. "தம்பி! எங்கய்யா எந் தட்டெல்லாம்?"

அழகுபாண்டியின் கண்முன் கல்யாண ஆர்டர் மங்கி, மாமனாரின் தராசு தெளிவாகத் தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. தப்பு எம்மேலதான். வேகமா முடிக்கணும்னு பிராசசரை விரட்டிப்புட்டேன். அது மண்டை சூடாகி, போன ஆளுகளையே திரும்பத் திரும்பக் காட்டிருச்சு. தப்பா வந்ததை வெட்டினேன். வெட்டினதுல உங்க நெசத் தட்டும் சேந்து போயிருச்சு போலண்ணே."

தங்கப்பாண்டி அவனையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திடீரென்று அவன் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார்.

"கேட்டீகளா மாமா? அம்புட்டும் கம்ப்யூட்டரு பண்ணுன வேலை! பாவம், தம்பி என்ன செய்யும்? எம் மக கல்யாணத்துக்கு நீதேன்யா வீடியோ!"

"மிசினை நம்பினா இப்புடித்தேன்" என்று நல்லகாமனும் தலையாட்டினார்.

அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

காப்பித் தட்டோடு வந்து, கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அன்னக்கொடிக்கு மட்டும் மனசு பொறுக்கவில்லை.

"வாயில்லாத மிசினு மேல எதுக்குய்யா பழியைப் போடுறீக? தட்டு பத்தலைன்னு மண்டபத்துப் பின்வாசல் வழியா ஓடி ஓடி வந்து மூணு சுத்துச் சுத்துனது நாங்கதேன்!"